கணக்கை வாசிப்பவனே தலைவன்

2023-ல் 28 ஜில்லாக்களின் கிராமங்களில் நடந்த ‘அஸர்’ கல்வி ஆராய்ச்சி, 14 முதல் 18 வயதுவரையுள்ளோரில் சுமார் நால்வருக்கு ஒருவர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடத் தம் பிரதேச பாஷையில் சரளமாக வாசிக்க இயலாதவர் என்று கண்டது. அவ்வயதினரில் 100-க்கு 86 பேருக்கு மேல் கல்விச்சாலைகளில் சேர்ந்திருந்தும் இந்நிலை!

இதைப் பள்ளிக்கூட விவகாரம் மாத்திரமென்று நாம் கருதவில்லை. 18 வயதில் கிராம சபையில் வாக்கு. 21 வயதில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கும் உரிமை. சட்டம் கொடுத்துவிட்டது. ஆயினும், வரவுசெலவுக் கணக்கை வாசித்தறியாதவனுக்கு அவ்வுரிமையால் யாது பயன்? வாசித்துக் காட்டுகிறவன் சொன்னதே கணக்காகும். கையெழுத்திடுகிறவன் பெயரளவில் தலைவனாவான்.

சர்க்கார் செய்யட்டுமென்று காத்திருத்தல் வேண்டா. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது 1948-ல். அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, 1931-ல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்.

ஆகவே வாலிபர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே: வாரம் ஒரு மாலை ஊர் வாசகசாலையில் கூடுங்கள். தடுமாறும் தம்பி தங்கையரைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கப் பழக்குங்கள். பிறகு பஞ்சாயத்துக் கணக்கை உரக்க வாசியுங்கள். கிராம ஸ்வராஜ்யம் அங்கேதான் தொடங்கும்.