தானே அணையும் கணிப்பொறி

ஹைதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், நம் இல்லத்துப் பழைய கணிப்பொறி திடீரென அணைந்துவிடுகிறதா? அஞ்ச வேண்டா. செயலியின் சூடு எல்லை மீறினால், கருகிப் போகாமல் தன்னைக் காத்துக்கொள்ளவே அது நின்றுவிடுகிறது. பல செயலிகளுக்கு அவ்வெல்லை 100 டிகிரியை ஒட்டியது.

முதற்கண், ஊரிலிருந்து வந்த குடும்பப் படங்களைப் பிறிதோர் இடத்தில் படியெடுத்து வைப்போம். பின்னர் மின் இணைப்பை நீக்கி, விசிறியில் படிந்த தூசியை மென்தூரிகையால் அகற்றுவோம். செயலியின் மேல் உலர்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பிப்போம்.

பொறி குளிர்ந்திருக்கும்போதே அணையுமாயின், 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஐயுறலாம். அதனைத் திறத்தல் ஆகாது. இணைப்பை நீக்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டர் கடைகளில் புதியது வாங்கிப் பொருத்தலாம். பழையது என்று பொறியையே எறிந்துவிடுமுன், இவ்விரண்டையும் ஆராய்வோமாக.