கசியும் சீவாளி

மும்பையில் 2006-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய சிம்பொனி இசைக்குழுவின் நிகழ்ச்சிக்குச் சென்ற நேயர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கச்சேரிக்கு முன் ஒரு குழல் தனித்து ஒரு சுரத்தை நீட்டி ஒலிக்க, மற்ற வாத்தியங்கள் அதனோடு சுருதி கூட்டிக்கொள்ளும். அக்குழலே ஓபோ. நம் நாகசுரத்தையும் வடநாட்டு ஷெனாயையும் போல இதுவும் சீவாளி பொருத்தி ஊதப்படுவது.

அச்சீவாளியைக் கலைஞர் பலர் தம் கையாலேயே செய்துகொள்கின்றனர். தென் பிரான்சின் வார் பகுதி இதற்குரிய நாணலுக்குப் பேர்போனது. அதைச் சுமார் 0.6 மில்லிமீட்டர் கனத்துக்குக் குடைந்து, இரண்டாக மடித்து, 47 மில்லிமீட்டர் அளவுள்ள உலோகக் குழாயின்மேல் நூலால் இறுகக் கட்டி, நுனியை வெட்டிச் சீவுவர். இத்தனை பாடுபட்டும் சில வேளை காற்று வருமேயன்றி நாதம் வராது, கீழ்ச்சுரங்கள் தடுமாறும். பழகாதவர் உடனே கத்தியை எடுத்து மேலும் சீவுவர். நல்ல சீவாளிகள் பாழாவது அங்கேதான். குற்றம் நுனியில் இல்லை. இரு தகடுகளும் கூடும் விளிம்பில் காற்றுக் கசிகிறது.

இதைக் கண்டறிவது எளிது. நனைத்த சீவாளியின் அடித்துளையை விரலால் அடைத்து, நுனியில் ஊதினால், விளிம்பருகே பிடித்த ஈரப் புறங்கையில் காற்றுப் படும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு வாயிலிருந்து எடுப்பது இன்னொரு முறை. கசிவில்லாத சீவாளியின் நுனி ஒட்டியபடியே நின்று, சிறிது பொறுத்து 'டப்'பென்று திறக்கும்.

பெரும்பாலும் காரணம் கட்டிய இடமே. நாணல் அடிநோக்கிக் குறுகுவது. அதைக் குழாயில் போதிய அளவு உள்ளிறக்காமல் நீளமாகக் கட்டினால், குழாயின் வாயருகே குறுகிய பகுதி அமைந்து விளிம்புகள் கூடாமல் நிற்கும். சீவுமுன் கண்டால், நூலைப் பிரித்து ஒரு மில்லிமீட்டர் இறக்கிக் கட்டிவிடலாம். மழுங்கிய கத்தியால் விளிம்பு அலையலையாகியிருப்பின் கட்டு உதவாது. அந்நாணலை விட்டுவிடுவதே நலம்.

சிறு கசிவுக்கு முன்னாளில் மாட்டுக்குடலின் மெல்லிய சவ்வைச் சுற்றினர். இன்று குழாய் வேலைக்காரர் பயன்படுத்தும் டெஃப்லான் நாடாவே போதும். நூற்கட்டை ஒட்டி மட்டும் சுற்றவேண்டும். மேலேறினால் அதிர்வு அமுங்கி நாதம் மழுங்கும். இவ்வளவு செய்தும் குறை தீராவிடில், சீவாளியை விட்டு அதன் அடியிலுள்ள தக்கையைப் பாருங்கள்: தேய்ந்த தக்கை வாத்தியத்தில் தளர்ந்து அமர்ந்தாலும் இதே கோளாறுதான்.