அடுத்தவனுக்கு வைத்த பெயர்கள்

சூளைக்குப் போகாத மண் பச்சை மண். பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுமைக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் 'குரூயல்' என்ற சொல்லின் வேரும் இந்தப் பச்சைதான். லத்தீனில் 'குரூடுஸ்' என்றால் வேகாதது, ரத்தம் கசிவது. கச்சா எண்ணெயைச் சொல்லும் 'குரூட்' அதன் உடன்பிறப்பு.

கொடுமையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பலவும் அடுத்தவனை ஏசப் பிறந்தவை. 'சாவேஜ்' காட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; காட்டில் இருப்பவன் மூர்க்கன் என்பது நகரத்தான் முடிவு. கிரேக்கம் தெரியாதவன் பேச்சு 'பர் பர்' என்று காதில் விழ, அவன் 'பார்பேரியன்' ஆனான். கி.பி. 455இல் ரோமைச் சூறையாடிய வாண்டல் இனத்தின் பெயர் இன்று பஸ் கண்ணாடியை உடைப்பவனுக்கும் பொருந்துகிறது. ரோமானியர் சூறையாடிய ஊர்கள் எத்தனை! அவர்கள் பெயரில் அப்படியொரு வசவு இல்லை.

இந்தியா கொடுத்தது 'தக்'. இந்தியில் 'டக்' என்றால் ஏமாற்றுக்காரன். 1830களில் வழிப்போக்கரைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் கும்பல்களை ஸ்லீமன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வேட்டையாடியபோது அந்தச் சொல் கொலைகாரனாகி ஆங்கிலத்துக்குக் கப்பலேறியது. 1836ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி போனது: கொலையை நிரூபிக்க வேண்டாம், அந்தக் கும்பலைச் சேர்ந்தவன் என்று காட்டினாலே ஆயுள் தண்டனை. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. இப்போது கும்பல்கூட வேண்டாம், பிறப்பே போதும். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர் சமூகத்தினரும் அதன் பட்டியலில் ஏறினார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ஒழிந்தது. போலீஸ் ஸ்டேஷனின் பழக்கம் ஒழியவில்லை. 1993 மார்ச்சில் விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர், நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே அடித்தே கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவர் மனைவி பார்வதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கை நடத்தியவர், பின்னாளில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியான கே. சந்துரு. கடைசியில் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட சாவுக்குச் சட்டம் வைத்த பெயர் 'கஸ்டடி' மரணம்; லத்தீன் மூலத்தில் அதற்குப் பாதுகாப்பு என்று பொருள்!

2021இல் த.செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' இந்த வழக்கை ஊரறியச் செய்தது. படத்தில் அந்தக் குடும்பம் இருளர் குடும்பம். குறவர் என்ற பெயரை ஏன் மாற்றினார்கள் என்று படம் வந்தபின் கேள்வி எழுந்தது.