சேவ் செய்த கணக்கு எங்கே போனது?



நம் கடைகளில் பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பேரேட்டில் எழுதியது எழுதியதுதான். கம்ப்யூட்டரில் ‘சேவ்’ செய்தால்தான் கணக்கு. அந்தச் சேவிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அடையாற்று மளிகைக்கடைக்காரர் ஒருவர் மயிலாப்பூரில் நம் கடைக்கு வந்து ரூ.12,000 பாக்கி கட்டினார். கல்லாவில் இருந்த பையன் வரவு வைத்துச் சேவ் செய்தான். அதற்குச் சற்று முன்பே உள்ளறையில் கணக்குப்பிள்ளை அதே கணக்கைத் திறந்து, துவரம்பருப்பு மூட்டைகளுக்குப் பற்று எழுதிக்கொண்டிருந்தார். அவர் திரையில் இருந்தது வரவு ஏறாத பழைய கணக்கு. அவர் பிறகு சேவ் செய்ததும், பையன் வைத்த வரவு அழிந்துபோனது.

மாதக் கடைசியில் பாக்கி கேட்டு ஆள் அனுப்பினோம். மனிதர் ரசீதோடு நேரில் வந்துவிட்டார். “இந்தச் சீட்டைத் தொலைச்சிருந்தா நான் பொய்யன்தானே முதலாளி?” என்றார். இருபது வருடப் பழக்கம். நாம் தலைகுனிந்தோம்.

பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். இந்தச் சிக்கலும் பழையது, தீர்வும் பழையது. 1989-ல் வெளிவந்த ‘லோட்டஸ் நோட்ஸ்’ இன்று நம் நாட்டு எச்.சி.எல். நிறுவனத்தின் வசம் உள்ளது. 1996-ல் அதில் ‘லோட்டஸ் ஸ்கிரிப்ட்’ என்ற கட்டளை மொழி சேர்ந்தது. அதில் முக்கிய வேலை மூன்று: புதுத் தாள் உண்டாக்குவது, இருக்கும் தாளைத் தேடி எடுப்பது, சேவ் செய்வது.

இடையில் வேறொருவர் அதே தாளைத் திருத்தியிருந்தால் என்ன செய்வது என்பதைச் சேவ் கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும். ‘கட்டாயம் சேவ் செய்’ என்றால் கடைசியாக வந்ததே நிற்கும். ‘கட்டாயம் வேண்டாம்’ என்றால் வழி இரண்டு: சேவ் செய்யாமல் நிறுத்தலாம், அல்லது பின்னால் வந்ததை மூலத் தாளுக்குக் கீழே தனித் தாளாக வைக்கலாம். அப்போது இரண்டும் கண்ணில் படும், பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஆகவே, சாப்ட்வேர் செய்து தருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரே கணக்கை இருவர் திறந்தால் என்ன ஆகும்? சேவ் ஆகாவிட்டால் திரையில் தெரியுமா? ஒவ்வொரு வரவும் தனிப் பதிவாக ஏறுமா, அல்லது பாக்கித் தொகை மட்டும் மாறுமா?

பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் சுரண்டி அழிக்கமாட்டார்கள். கோடு கிழித்துப் பக்கத்தில் எழுதுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களின் கணக்கு சாப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்பது விதி. நம்மைப் போன்ற தனிக் கடைக்காரர்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நல்ல வழக்கம் நமக்கும் வேண்டாமா?

ரசீது கொடுப்பதையும் விட்டுவிடாதீர்கள். நம் வாடிக்கையாளரின் நாணயத்தை அன்று காப்பாற்றியது அந்த ஒரு துண்டுச் சீட்டுதான்.