எல்லை கடக்கும் வாழ்த்து அட்டை

நுழையும்முன்

பண்டிகை நாள்களில் வீட்டை அழகுபடுத்துவதும், தொலைவில் இருக்கும் உறவினரை வாழ்த்துவதும் மக்களின் வழக்கம். இவ்விரண்டிற்கும் விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. தாள், கத்தரிக்கோல், பசை, நூல் ஆகிய நான்கும் இருந்தால் போதும். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் தம் கையாலேயே வாழ்த்து அட்டையும் தோரணமும் செய்யும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எல்லையும் உறவும்

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு உருவாயிற்று. அன்று அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டின் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

வரைபடத்தில் எல்லைக் கோடுகள் மாறினாலும் உறவுகள் மாறுவதில்லை. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. அப்பா திருப்பதியில் பணிபுரிவார். பாட்டி வேலூரிலோ திருத்தணியிலோ இருப்பார். பேரக் குழந்தை பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கற்கும். தெருவில் தெலுங்கு பேசும். வீட்டில் தமிழ் பேசும். ஆனால் தமிழில் எழுதும் வாய்ப்பு அதற்குக் குறைவு. பேசப்படும் மொழி செவியில் நிற்கும். எழுதப்படும் மொழியே கையில் நிற்கும். பாட்டிக்கு எழுதும் ஒரு பொங்கல் வாழ்த்து அந்த வாய்ப்பைத் தருகிறது.

வாழ்த்து அட்டையின் வரலாறு

வணிக நோக்கில் அச்சிடப்பட்ட முதல் கிறித்துமசு வாழ்த்து அட்டை 1843இல் இலண்டன் நகரில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியர் அதை வரைந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மடல் எழுத நேரமில்லாமையே அவ்வட்டை தோன்றக் காரணம் ஆயிற்று.

இந்தியாவில் அஞ்சலட்டை 1879இல் கால் அணா விலையில் அறிமுகமாயிற்று. பின்னாளில் தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டை பெரும் வழக்கமாயிற்று. சனவரி மாதம் பிறந்தவுடன் கடைவாயில்களில் அட்டைகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கும். பொங்கும் பானை, கரும்பு, ஏர் பூட்டிய காளைகள், திரைப்பட நடிகர்கள் என்று பல வகைப் படங்கள் அவற்றில் இருக்கும். பிள்ளைகள் சேர்த்து வைத்த காசில் அவற்றை வாங்கி நண்பர்களுக்கு அனுப்பினர். கைப்பேசி பரவிய பின் அவ்வழக்கம் குறைந்தது. கைப்பேசியில் வரும் வாழ்த்து மறுநாள் வரும் நூறு செய்திகளுக்குள் மறைந்துவிடும். கையால் செய்த அட்டையோ பாட்டியின் பெட்டியில் பல ஆண்டுகள் இருக்கும்.

தாளை அறிதல்

அட்டை நன்றாக அமைய வேண்டுமானால் முதலில் தாளின் இயல்பை அறிய வேண்டும். தாள் என்பது மெல்லிய நார்கள் பின்னிப் படிந்த படலம். ஆலையில் தாள் செய்யும்போது பெரும்பாலான நார்கள் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. எனவே அத்திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராக விழும்; குறுக்கே மடித்தால் அட்டை வெடித்துப் பிசிறு தோன்றும். தாளை மடிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதில் வளையும் பக்கமே மடிப்பதற்கு ஏற்ற பக்கம் என்பது தெரிந்துவிடும்.

தாளின் கனம் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படும். ஏ4 அளவுத் தாள்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் ஆகும். ஆகவே 80 கிராம் வகைத் தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். 180 கிராம் வகை அட்டைத்தாள் ஒன்று ஏறத்தாழ 11 கிராம் இருக்கும். இக்கணக்கு அஞ்சலில் அனுப்பும்போது உதவும்.

எழுந்து நிற்கும் பொங்கல் பானை

திறந்தவுடன் பானை எழுந்து நிற்கும் அட்டை பார்ப்பவரை வியக்கச் செய்யும். அதைச் செய்யும் முறை எளியது.

முதலாவதாக, ஏ4 அளவு அட்டைத்தாளைச் சரிபாதியாக மடிக்க வேண்டும். மடிப்பின் நீளம் 21 செ.மீ. இருக்கும். மடிப்பிலிருந்து எதிர் விளிம்பு வரை உள்ள அகலம் ஏறத்தாழ 14.8 செ.மீ. இருக்கும்.

இரண்டாவதாக, மடிப்பின் மேல் இடப்பக்கத்திலிருந்து 8 செ.மீ., 13 செ.மீ. ஆகிய இரண்டு இடங்களில் குறியிட வேண்டும். அவ்விரு குறிகளிலும் மடிப்பிலிருந்து உள்நோக்கி 5 செ.மீ. நீளத்திற்கு நேராக வெட்ட வேண்டும்.

மூன்றாவதாக, இரு வெட்டுகளுக்கும் இடையிலுள்ள பட்டையை முன்னும் பின்னும் மடித்துப் பழக்கிய பின், அட்டையைத் திறந்து அப்பட்டையை உட்புறமாகத் தள்ள வேண்டும். இப்போது அட்டைக்குள் ஒரு படிக்கட்டு போன்ற பெட்டி தோன்றும்.

நான்காவதாக, 8 செ.மீ. உயரமுள்ள பானைப் படத்தைத் தனித்தாளில் வரைந்து வெட்ட வேண்டும். பானையின் அடி, பெட்டியின் அடியோடு பொருந்துமாறு அதைப் பெட்டியின் முன்முகத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். மேல்முகத்தில் பசை பட்டால் அட்டை மூடாது.

ஐந்தாவதாக, வேறொரு மெல்லிய வண்ணத்தாளை அட்டையின் வெளிப்புறத்தில் ஒட்ட வேண்டும். பெட்டி வெட்டப்பட்ட இடத்தில் மட்டும் பசை தடவக் கூடாது. இத்தாள் பின்புறத் துளையை மறைக்கும்.

வெட்டின் நீளம் ஏன் 5 செ.மீ. என்று கேட்கலாம். அட்டையை மூடும்போது பெட்டி வெட்டின் நீளத்தைப் போல இருமடங்கு தொலைவிற்கு, அதாவது 10 செ.மீ. வரை நீளும். அட்டையின் அகலம் 14.8 செ.மீ. ஆகையால் அது வெளியே தெரியாது. வெட்டு 8 செ.மீ. ஆனால் பெட்டி 16 செ.மீ. வரை நீண்டு வெளியே எட்டிப் பார்க்கும். பானைக்கும் இதே கணக்குத்தான். அது மடிப்பிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொடங்கி 13 செ.மீ. வரை சென்று, அட்டைக்குள்ளேயே அடங்கிவிடும்.

வண்ணம் தரும் சமையலறை

வண்ணங்களைப் பற்றி அறியத் திருப்பதி மாவட்டத்திலேயே ஒரு சிறந்த சான்று உள்ளது. பொன்முகலி ஆற்றங்கரையில் அமைந்த திருக்காளத்தி கலம்காரி ஓவியத்திற்குப் பெயர் பெற்றது. கலம் என்றால் எழுதுகோல். காரி என்றால் வேலை. மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, அதன் மேல் கம்பளி நூலோ துணியோ சுற்றி, அதையே எழுதுகோலாக ஓவியர்கள் பயன்படுத்துகின்றனர். சுற்றிய பகுதி சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்தும்போது சாயம் நுனிக்கு இறங்கும்.

துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். சாயம் பரவாமல் இருக்கப் பால் உதவுகிறது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து எடுக்கும் நீர், கடுக்காயின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருமை நிறம் தரும். சிவப்பு நிறம் துணியில் பிடிக்கப் படிகாரம் உதவுகிறது.

பிள்ளைகள் இம்முறையின் எளிய வடிவத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறிய தேயிலை வடிநீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஓரிரு நாள் வைத்தால் அந்நீர் கறுக்கும். தேயிலையிலும் துவர்ப்புப் பொருள் இருப்பதே இதற்குக் காரணம். ஆணியைப் பெரியவர்களே கையாள வேண்டும்; அந்நீரைப் பருகக் கூடாது. மஞ்சள்தூளை நீரில் கரைத்தால் மஞ்சள் நிறம் கிடைக்கும். அதில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி நீரைப் போலச் செந்நிறமாக மாறும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பெரியவர்களே அதைச் சேர்க்க வேண்டும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் இயல்புடையது. எனவே அட்டையை நிழலில் உலர்த்த வேண்டும்.

தோரணமும் தாள் கோலமும்

சங்கராந்தி நாளில் ஆந்திர வீடுகளிலும் தமிழர் வீடுகளிலும் வாயிலில் மாவிலைத் தோரணம் தொங்கும். தமிழர் கோலம் என்பதைத் தெலுங்கர் முக்கு என்பர். மாட்டுப் பொங்கலை அவர்கள் கனுமா என்று கொண்டாடுகின்றனர். பெயர் வேறு, வாயிலில் காணும் அழகு ஒன்றே.

மாவிலை கிடைக்காத அடுக்குமாடி வீடுகளில் தாள் தோரணம் கட்டலாம். பழைய செய்தித்தாளில் பச்சை வண்ணம் தீட்டி உலர்த்த வேண்டும். 15 செ.மீ. நீளமுள்ள இலை வடிவங்களை வெட்டி, நடுவே மடித்து நரம்பு போன்ற கோட்டை உண்டாக்க வேண்டும். காம்புப் பக்கத்தை நூலின் மேல் மடித்து ஒட்ட வேண்டும். வாயிலின் அகலம் 90 செ.மீ. எனில், 6 செ.மீ.க்கு ஓர் இலை வீதம் 15 இலைகள் தேவைப்படும்.

தாள் கோலத்திற்குச் சதுரத் தாள் ஒன்று வேண்டும். அதை ஒருமுறை பாதியாகவும், மறுமுறை பாதியாகவும், மூன்றாம் முறை மூலைவாட்டிலும் மடித்தால் எட்டு அடுக்குகள் உண்டாகும். விளிம்புகளில் வளைவுகளையும் துளைகளையும் வெட்டிப் பிரித்தால், ஒரே வெட்டு எட்டு இடங்களில் தோன்றும். மடிப்பு விளிம்பை முழுவதும் வெட்டிவிட்டால் கோலம் துண்டு துண்டாகிவிடும். இடையிடையே சிறிது விட்டு வெட்ட வேண்டும்.

அட்டைக்குள் எழுத வேண்டியவை

அட்டையின் அழகு பானையில் மட்டும் இல்லை. உள்ளே எழுதும் சொற்களிலும் இருக்கிறது. அச்சிட்ட அட்டை எல்லாருக்கும் ஒரே வாழ்த்தைச் சொல்லும். கையால் எழுதும் அட்டையில் பெறுபவருக்கு மட்டுமே உரிய ஒரு செய்தி இருக்க வேண்டும். சான்றாக ஓர் அட்டையின் வாசகம் வருமாறு:

"அன்புள்ள பாட்டிக்கு, பொங்கல் நல்வாழ்த்துகள். நீங்கள் கொடுத்த வெண்கலப் பானையில்தான் இந்த ஆண்டும் அம்மா பொங்கல் வைக்கப் போகிறார். நீங்கள் சொன்ன நரிக் கதையை நான் தம்பிக்குச் சொன்னேன். கோடை விடுமுறையில் வருவோம். தங்கள் அன்புப் பேத்தி."

இதில் எழுத்துப் பிழை ஒன்றிரண்டு நேரலாம். பாட்டி அதைப் பார்த்துச் சிரிப்பார். மறுமுறை பேசும்போது திருத்துவார். பிழைக்கு அஞ்சி எழுதாமல் இருந்தால் திருத்துவதற்கே வழியில்லாமல் போய்விடும்.

அடுத்த வீட்டுத் தெலுங்கு நண்பருக்கும் ஓர் அட்டை செய்து, அவர் மொழியிலேயே சங்கராந்தி வாழ்த்து எழுதித் தருவது நட்பை வளர்க்கும்.

அஞ்சலில் சேர்த்தல்

உறையின் மேல் பெறுபவர் பெயர், வீட்டு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றை வரிசையாக எழுத வேண்டும். ஆறு இலக்கங்கள் கொண்ட இக்குறியீட்டு முறை 1972 ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். சித்தூரின் எண் 517001. திருப்பதியின் எண் 517501. வேலூரின் எண் 632001. ஐந்தில் தொடங்கும் ஊரிலிருந்து ஆறில் தொடங்கும் ஊருக்கு அட்டை செல்கிறது.

அட்டைத்தாள் 11 கிராம், வெளித்தாள் 5 கிராம். பானைப் படமும் உறையும் சேர்ந்தால் எடை 20 கிராமைத் தாண்டக்கூடும். ஆகையால் அஞ்சலகத்தில் எடை பார்த்த பிறகே அஞ்சல்தலை ஒட்ட வேண்டும். தலை குறைந்தால் பாட்டியிடம் கட்டணம் கேட்கப்படும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னரே அனுப்பினால் உரிய நாளில் அட்டை சென்று சேரும்.

அஞ்சல்காரர் கொடுத்த உறையைப் பாட்டி பிரிப்பார். பானை எழுந்து நிற்கும். அதன் கீழே, எல்லைக்கு அப்பால் வளரும் பேத்தியின் கையெழுத்து தமிழில் இருக்கும்.

அருஞ்சொற்பொருள்

துவர்ப்பு – அறுசுவைகளுள் ஒன்று
வடிநீர் – கொதிக்க வைத்து வடித்த நீர்
மூலைவாட்டு – ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் திசை

பயிற்சி

1. தாளை எத்திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும்? ஏன்?
2. வெட்டின் நீளம் 6 செ.மீ. எனில், மூடிய அட்டையில் பெட்டி எவ்வளவு தொலைவு நீளும்?
3. கலம்காரியில் கருமை நிறம் எவ்வாறு உண்டாகிறது?
4. உறவினர் ஒருவருக்கு, அவருக்கு மட்டுமே உரிய ஒரு செய்தியுடன் ஐந்து வரிகளில் வாழ்த்து எழுதுக.