கப்பல் ஓட்டியவருக்குக் கட்டுப்படியானது டிராம் மட்டும்தான்! சிறைக்குப் பின் வ.உ.சி. வீட்டில் நடந்தது என்ன?

1915, ஏப்ரல் மாதம். தென்னாப்பிரிக்காவிலிருந்து நாடு திரும்பியிருந்த காந்தி, அப்போது சென்னைக்கு வந்திருந்தார். அவரைச் சந்திக்க மயிலாப்பூரில் வசித்த ஒருவருக்குக் காலை 6 மணிக்கு நேரம் கிடைத்தது. அவர் எழுதிய பதில் இதுதான்: நான் இப்போது செலவு செய்து வரக்கூடிய ஒரே வண்டி டிராம். அது மயிலாப்பூரிலிருந்து 5.30 மணிக்குப் பிறகுதான் கிளம்பும். அதனால் 6 மணிக்குள் வர முடியாது, ஆறரைக்கு வருகிறேன்.

இப்படி எழுதியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்டு, ஆங்கிலேயக் கம்பெனியைத் திணறடித்தவர்.

வ.உ.சி. என்றதும் நமக்குக் கப்பலும் செக்கும்தான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடமும் பெரும்பாலும் சிறையோடு முடிந்துவிடும். சிறையிலிருந்து வந்த பிறகு அந்த மனிதர் 24 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த 24 ஆண்டுகளில் அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

வசதியாக வாழ்ந்திருக்கலாம்!

1872, செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. அப்பா உலகநாத பிள்ளை வழக்கறிஞர். மகனும் வழக்கறிஞரானார். தூத்துக்குடியில் தொழில் நடத்திக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால், அவர் திலகரின் வழியில் சுதேசிக் கொள்கையை ஏற்றுக்கொண்டவர். தூத்துக்குடி - கொழும்பு கடல் வணிகம் ஆங்கிலேயர் கையில் இருந்ததை மாற்ற நினைத்தார். 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு திரட்ட ஊர் ஊராக அலைந்தார். எஸ்.எஸ்.காலியா, எஸ்.எஸ்.லாவோ என இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக அறிவித்தது. வ.உ.சி. அசரவில்லை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கும் துணை நின்றார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள், மார்ச் 12-ம் தேதி அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தது அரசு.

தண்டனை அவருக்கு மட்டுமா?

1908, ஜூலை 7. நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள். அப்போது வ.உ.சி-க்கு 35 வயதுதான். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலை பாதிக்கப்பட்டது. அவர் மேடையேறிப் பேசியவரும் இல்லை, கம்பெனி நடத்தியவரும் இல்லை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு, 1912, டிசம்பர் 24-ம் தேதி வெளியே வந்தார். ஆனால், திரும்பிப் போக எதுவும் மிச்சமில்லை. கப்பல் கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சொந்த மாவட்டமான திருநெல்வேலிக்குத் திரும்பவும் அனுமதி இல்லை.

சிறையில் தொழுநோய்க்கு ஆளான சிவாவின் நிலை இன்னும் மோசம். அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவே அவருக்குத் தடை விதித்தார்கள். கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

347 ரூபாய் 12 அணா

மனைவி மீனாட்சி அம்மாளோடும் குழந்தைகளோடும் சென்னையில் குடியேறினார் வ.உ.சி. மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெய் வியாபாரம் செய்தார். எதுவும் கைகொடுக்கவில்லை.

இந்த நேரத்தில், தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைப் பற்றி இருவருக்கும் இடையே கடிதங்கள் போய் வந்தன. இந்தக் கடிதங்களை வெளியே கொண்டுவந்து எழுதியவர் வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி.

அந்தக் கடிதங்களில் வ.உ.சி. வறட்டு கௌரவம் பார்க்கவில்லை. 'எனக்கு வேண்டாம்' என்று கைகூப்பிப் பெரிய மனிதராக நின்றிருக்கலாம். ஆனால், இன்றைய நிலையில் இந்தப் பணத்தை மறுத்தால், அது தனக்கும் மனைவி, மக்களுக்கும் செய்யும் அநியாயம் என்று வெளிப்படையாகச் சொன்னார். மாதங்கள் கடந்து, 1916-ல் அந்த 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது.

கொள்கைக்காக எல்லாவற்றையும் இழந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்று நாம் எதிர்பார்க்கிறோம். கேட்டுவிட்டால் கொஞ்சம் மட்டமாகப் பார்க்கிறோம். வ.உ.சி. கேட்டார். தான் எடுத்த முடிவின் விலையைக் குழந்தைகளின் வயிறு மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வாங்கினார், வளையவில்லை

அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை முழுமையாகும். 1920-ல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தைக் காங்கிரஸ் ஏற்றது. வ.உ.சி-க்கு அதில் உடன்பாடில்லை. காந்தியின் செல்வாக்கு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஒதுங்கிப் பேசாமல் இருந்திருந்தால் பதவியோ, குறைந்தபட்சம் ஆதரவோ கிடைத்திருக்கும். அவர் காங்கிரஸிலிருந்து விலகினார். கஷ்டத்தில் பணம் வாங்கியது வேறு, கருத்து வேறு என்பதில் தெளிவாக இருந்தார். 1927-ல்தான் மீண்டும் காங்கிரஸுக்கு வந்தார்.

உரிமத்தைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆட்சிமீது இருந்த கோபத்தைத் தனி மனிதர்மீது அவர் காட்டவில்லை. பிறகு கோவில்பட்டியில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார். வறுமை மட்டும் முழுதாக விலகவில்லை.

1936, நவம்பர் 18-ம் தேதி, அவர் விரும்பியபடியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.

நாம் எப்போது வருகிறோம்?

1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' படம் வந்தது. நூற்றாண்டான 1972-ல் தபால்தலை வெளியானது. 2011-ல் தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால், 1913-ல் அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது அரிசியும் வாடகையும்.

இன்றும் சங்கம் அமைத்ததற்காக வேலையை இழப்பவர்கள் இருக்கிறார்கள். லஞ்சத்துக்கு ஒத்துப்போகாமல் ஊர் ஊராக மாற்றப்படுபவர்கள் இருக்கிறார்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்து, சொந்தங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய செய்தியைப் பகிர்ந்து, கைதட்டும் எமோஜி போட நமக்கு ஒரு நொடி போதும். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்ன ஆனது என்று கேட்பவர்கள் குறைவு.

தென்னாப்பிரிக்காவில் இருந்த அந்த இந்தியர்களில் பலர் வ.உ.சி-யின் கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும், கடல் தாண்டி ஒரு குடும்பம் கஷ்டப்படுகிறது என்று தெரிந்ததும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த அப்படி ஒரு வீடு இருந்தால், இந்த வாரம் ஒரு போன் செய்து விசாரியுங்களேன்!