பின் போட்டவரே பொறுப்பா?

யூபிஐ வழியே பணம் அனுப்பும்போது வாடிக்கையாளர் தாண்ட வேண்டிய கடைசிக் கதவு, பொதுவாக நான்கு அல்லது ஆறு இலக்க பின் எண். டீக்கடையில் பத்துப் பேர் நிற்கும்போது அதுவும் தாமதம்தான். அதற்காகவே 2022-ல் யூபிஐ லைட் வந்தது. இதில் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே செலுத்தலாம். இந்தப் பணம் வங்கிக் கணக்கிலிருந்து பிரித்து வைக்கப்படுகிறது. ஒரு நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது. போன் பிறர் கையில் சிக்கினாலும் இந்த வழியில் போவது பெரும்பாலும் அவ்வளவுதான். பின் இல்லாமல் தட்டினாலே பணம் போகும் கார்டுக்கும் 2021 முதல் ஒரு முறைக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. கதவைத் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் பொருளைக் குறைத்து வை என்பதே இந்த ஏற்பாடு.

பணம் கணக்கில் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேராத தொல்லைக்கு 2019-லேயே ரிசர்வ் வங்கி விதி செய்தது. கடைக்குச் செலுத்திய தொகை ஐந்து நாளில் திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலே இது கணக்கில் ஏற வேண்டும்.

தனக்குத் தெரியாமல் பணம் களவுபோனவருக்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையில் வந்த விதி துணை நிற்கிறது. தவறு வங்கியிலோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்பவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆனால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் ஏற்க வேண்டிய நஷ்டம் 10,000 ரூபாயைத் தாண்டாது. தவறு வாடிக்கையாளருடையது என்றால், அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். நல்ல விதி.

ஆனால் ஏமாந்து தன் கையாலேயே அனுப்பியவருக்கு இந்த விதி பெரிதாக உதவுவதில்லை. பழைய கட்டிலை விற்க ஒருவர் இணையத்தில் படம் போடுகிறார். உடனே ஒரு போன்: “முன்பணம் அனுப்பியிருக்கேன் சார், பின் போட்டீங்கன்னா வந்துடும்.” திரையில் 2,000 ரூபாய் என்று தெரிகிறது. அது வருகிற பணமல்ல, அவரிடமிருந்து கேட்கிற பணம். பின் போட்டதும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. வங்கியின் பதிவேட்டிலோ அது உரியவரே பின் போட்டு ஒப்புதல் தந்த பரிவர்த்தனை. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் இப்படிப் பணம் கேட்கும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. எத்தனையோ பேர் பணத்தைத் தொலைத்த பிறகு மூடப்பட்ட கதவு அது. வெகு முன்பே மூடியிருக்க வேண்டும்.

பிரிட்டன் வேறு வழியில் போகிறது. அங்கே 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டு வங்கிக் கணக்குகளுக்கிடையே ஏமாந்து பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி ஏற்கின்றன. மிகுந்த அலட்சியமாக இருந்தவருக்கு இது கிடைக்காது. இதில் கவனிக்க வேண்டியது பெற்ற வங்கியின் பங்கு. மோசடிக்காரர் பணத்தை வாங்க எங்கோ ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கிக்கும் நஷ்டம் உண்டென்றால், அது ஆளைச் சரிபார்த்துத்தான் திறக்கும்.

இந்தியாவில் ஏமாந்தவர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. களவுபோன பணம் சில நிமிடங்களில் கணக்கு விட்டுக் கணக்குத் தாவும். எங்காவது தேங்கி நிற்கும்போதே புகார் போனால் அதை முடக்கி வைக்கலாம். வங்கியிடமும் புகார் செய்து, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.